ஐந்து கிளிஞ்சல் கொடு, கண்ணு!

மாலை நேரம். ராயபுரத்தில் ஒரு சந்து. வாசற்படியில் நான்கு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அம்மா அவனைக் கூப்பிடுகிறாள்.

"ஆயாவுக்கு எண்ணிக் காட்டு, ராஜா!"

பையன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொள்கிறான். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று ஒரே மூச்சில் இருபது வரை சொல்லி முடிக்கிறான்.

ஆயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முறத்தில் கிளிஞ்சல்கள் கிடக்கின்றன. "எங்கே, எனக்கு அஞ்சு கிளிஞ்சல் எடுத்துக் குடு, கண்ணு" என்று மடியை விரிக்கிறாள்.

பையன் இரண்டு கையாலும் அள்ளி மடியில் போடுகிறான். எண்ணிப் பார்த்தால் பதிமூன்று இருக்கிறது!

அம்மாவின் முகம் வாடிவிடுகிறது. "இருபது வரைக்கும் தெரிஞ்சவனுக்கு அஞ்சு தெரியலையே!"

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் நடக்கும். லண்டனிலும் நடக்கும். டோக்கியோவிலும் நடக்கும்.

பாட்டு வேறு, எண் வேறு

பையன் மக்கு அல்ல. அவன் சொன்னது பாட்டு. "நிலா நிலா" என்று பாடுகிற பிள்ளைக்கு நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாது. அதுபோலத்தான் இதுவும்.

எண்ணுவது என்பது பெரியவர்களுக்கு ஒரே வேலை. குழந்தைக்கு அது மூன்று வேலை. எண்களின் பெயரை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டுவிடவும் கூடாது, ஒன்றையே இருமுறை தொடவும் கூடாது. கடைசியாகச் சொன்ன பெயர்தான் மொத்தம் என்று புரிய வேண்டும்.

இந்த மூன்றாவதுதான் கஷ்டம். ஐந்து கிளிஞ்சலையும் சரியாகத் தொட்டு எண்ணிய பிள்ளையிடம், "மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும்!

அமெரிக்காவில் கேரன் வின் என்ற ஆராய்ச்சியாளர் 1990-ம் ஆண்டில் இதைப்பற்றி எழுதினார். சிறு பொம்மைகளைக் குவித்து வைத்து, "இத்தனை பொம்மை கொடு" என்று குழந்தைகளிடம் கேட்டார். நம் ஆயா கேட்டதும் அதே கேள்விதான். சத்தமாக எண்ணத் தெரிந்த குழந்தைகளில் பலர், கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார்கள்.

குழந்தை முதலில் 'ஒன்று' என்பதைப் புரிந்துகொள்கிறது. சில மாதம் கழித்து 'இரண்டு'. இன்னும் சில மாதம் கழித்து 'மூன்று'. அதற்குப் பிறகு ஒரு நாள் மளமளவென்று மற்ற எண்களும் பிடிபட்டுவிடுகின்றன. பெரும்பாலும் இரண்டரை வயதுக்கும் நான்கு வயதுக்கும் நடுவில் இது நடக்கிறது. சிலருக்கு முன்னே பின்னே ஆகலாம்.

ஆகவே, முகம் வாட வேண்டியதில்லை. ஆனால் சும்மா இருக்கவும் கூடாது. பிள்ளையின் வாய்க்கு எண் வந்துவிட்டது. அது கைக்கு வர வேண்டும்.

நோட்டுப் புத்தகம்

இங்கேதான் தவறு நடக்கிறது. பிள்ளைக்கு எண் வரவில்லை என்றதும் வீட்டில் நோட்டுப் புத்தகம் வாங்குகிறார்கள். ஒரு பக்கம் முழுவதும் 1. அடுத்த பக்கம் முழுவதும் 2. பென்சிலைப் பிடிக்கவே வலுவில்லாத விரல்கள்! பிள்ளை அழுகிறது. அம்மா அடிக்கிறாள். பிறகு இருவருமே அழுகிறார்கள்.

நூறு முறை 5 என்று எழுதிய பிள்ளைக்கு, ஐந்து என்றால் எத்தனை என்று தெரியாமலே போகலாம். எழுத்து அழகாக இருக்கும். ஆனால் முதல் வகுப்பில் கூட்டல் வரும்போது குட்டு வெளிப்படும். ஐந்தே தெரியாதவனுக்கு ஐந்தும் மூன்றும் எட்டு என்பது எப்படிப் புரியும்?

வட சென்னையில் பல தாய்மார்கள் விடியற்காலையிலேயே வேலைக்குப் போகிறார்கள். மீன் ஏலம் எடுக்கப் போகிறவர்கள் உண்டு. கம்பெனிக்குப் போகிறவர்கள் உண்டு. மாலையில் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் நோட்டுப் புத்தகத்தோடு சண்டையில் கழிய வேண்டுமா?

கட்டுமரம் கட்டுவோம்

நோட்டுக்குப் பதிலாக ஐஸ் குச்சி போதும். கொஞ்சம் நூல் போதும்.

இந்தக் கடற்கரையில் பிறந்தது கட்டுமரம். கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதால் அந்தப் பெயர். ஆங்கிலேயர் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு 'கட்டமரான்' என்றார்கள். இன்று கரையில் பைபர் படகுகள்தான் அதிகம். ஆனால் தாத்தாக்களுக்குக் கட்டுமரம் நன்றாக நினைவிருக்கும். வேலைக்குத் தக்கபடி மூன்று கட்டை, ஐந்து கட்டை, ஏழு கட்டை என்று கட்டுவார்கள்.

பிள்ளையிடம் குச்சிகளைக் கொடுத்து, "மூணு கட்டை வைத்து ஒரு கட்டுமரம் செய்" என்று சொல்லுங்கள். பிள்ளை குச்சிகளை அடுக்கட்டும். முடிச்சுப் போட மட்டும் பெரியவர் உதவலாம். அடுத்தது நாலு கட்டை. அதற்கு அடுத்தது ஐந்து கட்டை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றைவிட ஒன்று அகலமாக இருக்கும். நான்கு என்பது மூன்றைவிட ஒன்று கூடுதல் என்பதைக் கண்ணே சொல்லிவிடும்!

பிறகு களிமண்ணில் மீனவர் பொம்மை. ஒரு கட்டைக்கு ஒரு ஆள். ஐந்து கட்டை மரத்துக்கு எத்தனை ஆள் வேண்டும்? பிள்ளை ஆளைச் செய்து வைத்துக்கொண்டே வரும். ஒரு கட்டை காலியாக இருந்தால், "இங்கே ஆள் இல்லை!" என்று தானே கூவும். ஒன்றுக்கு ஒன்று என்ற பாடம் அங்கே முடிந்தது.

தொழிற்சாலை வேலைக்காரர் வீடு என்றால் நட்டும் போல்ட்டும் கிடைக்கும். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய பெரிய நட்டுகளாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு போல்ட்டுக்கு ஒரு நட்டு. திருகித் திருகி விரலுக்கும் வலு வரும். அந்த வலு பிற்பாடு பென்சில் பிடிக்க உதவும்.

கைவேலையில் இருக்கிற விசேஷம் இதுதான். பாட்டில் தப்பு வந்தால் யாராவது திருத்த வேண்டும். கட்டுமரத்தில் தப்பு வந்தால் கட்டுமரமே காட்டிக் கொடுத்துவிடும்.

ரோமாபுரியிலிருந்து அடையாறுக்கு

இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. இத்தாலி தேசத்து டாக்டர் மரியா மாண்டிசோரி 1907-ம் ஆண்டு ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். திறந்த இடம் பணக்காரர் வீதி அல்ல. ஏழைத் தொழிலாளர்கள் வசித்த சான் லோரன்சோ குடியிருப்பு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளில் அலைந்துகொண்டிருந்த பிள்ளைகள்தான் முதல் மாணவர்கள்.

(இன்று 'மாண்டிசோரி' என்று பலகை மாட்டினால் கட்டணம் கூடிவிடுகிறது. அந்த அம்மையார் பார்த்தால் என்ன சொல்வாரோ!)

1939-ம் ஆண்டு நவம்பர் மாதம், தமது 69-வது வயதில், அவர் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சில மாதங்கள் தங்கிப் போகலாம் என்று வந்தவர் உலகப் போரில் சிக்கிக்கொண்டார். இத்தாலி எதிரி நாடாகிவிட்டது. 1946 வரை அவர் இந்தியாவிலேயே இருக்க வேண்டியதாயிற்று. அதனால் நமக்குத்தான் லாபம். அவரிடம் நேரில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இங்கே ஆயிரத்துக்கு மேல்.

அவர் செய்த கருவிகளில் இரண்டை எந்த வீட்டிலும் செய்துகொள்ளலாம்.

ஒன்று, உப்புத்தாள் எண். உப்புத்தாளை எண் வடிவத்தில் வெட்டிப் பலகையில் ஒட்டுவார்கள். பிள்ளை அதன்மேல் விரலால் தடவிப் பார்க்கும். விரலுக்கு அந்த வளைவு பழகிவிடும். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் உப்புத்தாள் எதற்கு? பழைய அட்டையில் பசையால் எண்ணை எழுதி, மணலைத் தூவி, காயவிட்டு உதறினால் மணல் எண் தயார். பசை பூசுவதும் மணல் தூவுவதும் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கினார்கள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி முதல் எழுத்து எழுதவைக்கிற வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆகையால் இது ஆயாவுக்குப் புதிதாகத் தோன்றாது.

காலியான வலை

இன்னொன்று, குச்சிப் பெட்டி. அதில் பத்து அறைகள். 0 முதல் 9 வரை எண் எழுதியிருக்கும். மொத்தம் 45 குச்சிகள். 1 என்ற அறையில் ஒரு குச்சி, 2 என்ற அறையில் இரண்டு என்று போட்டுக்கொண்டே போனால் 9-ல் ஒன்பதைப் போட்டதும் குச்சி தீர்ந்துவிடும். ஒன்று மிஞ்சினாலும் குறைந்தாலும் எங்கோ தவறு.

அட்டைப்பெட்டியில் இதைச் செய்யலாம். ஐஸ் குச்சியை விட்டுவிட்டுக் காகித மீன் செய்தால் இன்னும் நல்லது. பழைய செய்தித்தாளில் பிள்ளையும் அம்மாவுமாகச் சேர்ந்து 45 மீன் வெட்ட வேண்டும். ஒரே நாளில் வேண்டாம். ஒரு வாரம் ஆகட்டும். அறைகளுக்குப் பதிலாக, பழம் வருகிற வலைப்பைத் துண்டுகளை ஒட்டி, பக்கத்தில் எண்ணை எழுதினால் அது பத்து வலை.

0 என்று எழுதிய வலையில் என்ன போடுவது?

ஒன்றும் போடக் கூடாது. இதைப் புரியவைப்பது சுலபமல்ல. காலியாக இருந்தால் பிள்ளைக்கு மனசு கேட்காது. ஒரு மீனையாவது போடத் துடிக்கும். ஆனால் காசிமேட்டுப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. கிழக்குக் கடற்கரையில் வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. "இன்னைக்கு அப்பா எத்தனை மீன் கொண்டாந்தாரு?" என்று கேட்டால், கையை விரித்து, "ஒண்ணும் இல்லை" என்று பிள்ளை சொல்லும். அந்த ஒண்ணுமில்லைக்கு ஒரு எழுத்து உண்டு. அதுதான் பூஜ்யம்.

அங்கன்வாடி

அடையாறில் மாண்டிசோரி அம்மையார் பயிற்சி கொடுத்த அந்த நாளிலேயே, கைத்தொழில் மூலம் எல்லாப் பாடங்களும் கற்பிக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டமும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. 1937-ம் ஆண்டு வார்தா மாநாட்டில் உருவான திட்டம் அது.

இந்த இரண்டு யோசனைகளும் ஒரு கடற்கரைக் கிராமத்தில் சந்தித்தன. பம்பாய்க்கு வடக்கே உள்ள போர்டி என்ற ஊர் அது. 1945-ம் ஆண்டு தாராபாய் மோடக் என்ற அம்மையார் அங்கே சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் என்ற ஆசிரியை துணைக்கு வந்தார். விலை உயர்ந்த கருவி வாங்கப் பணம் இல்லை. கூழாங்கல், கிளிஞ்சல், இலை, விதை, குச்சி இவையே கருவிகள் ஆயின. பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றால், பள்ளி பிள்ளைகளின் முற்றத்துக்குப் போயிற்று. முற்றத்தை அங்கே 'அங்கன்' என்பார்கள். அங்கன்வாடி என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

1975-ம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரம் மையங்களுக்கு மேல் இருக்கின்றன. வட சென்னையில் தெருவுக்குத் தெரு அங்கன்வாடியைப் பார்க்கலாம். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் உண்டு. வண்ணம் தீட்டுவது, கிழித்து ஒட்டுவது, மணி கோப்பது, தரம் பிரிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

ஆனால், "அங்கே விளையாடத்தான் விடறாங்க, ஒண்ணும் சொல்லித் தர்றதில்லை" என்று சொல்கிற தாய்மார்கள் உண்டு. கடன் வாங்கியாவது தனியார் நர்சரிக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கவலையைப் போக்க 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன.

தாய்மார்களைக் குறை சொல்வதற்கில்லை. நோட்டில் எழுதியிருந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. மணி கோத்ததில் என்ன படித்தான் என்று தெரிவதில்லை. சிவப்பு இரண்டு, நீலம் ஒன்று, சிவப்பு இரண்டு, நீலம் ஒன்று என்று பிள்ளை மாலை கோத்திருந்தால் அது கணக்கு. இதைத் தாய்க்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். நிறைய மையங்களில் ஒரே ஒரு ஊழியர். பிள்ளைகளைப் பார்ப்பாரா, எடை போட்டுப் பதிவு செய்வாரா, விளக்கிக்கொண்டிருப்பாரா?

தமிழ் தருகிற உதவி

பத்துக்கு மேலே போகும்போது தமிழே பிள்ளைக்குத் துணை செய்கிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்றால் அதில் பத்தும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பதிமூன்று என்றால் பத்தும் மூன்றும். இருபது என்றால் இரு பத்து. பெயரிலேயே கணக்கு இருக்கிறது!

சீன மொழியிலும் இப்படித்தான். 11-க்குப் பெயர் 'பத்து ஒன்று'. பத்து வரை எண்ணுவதில் சீனக் குழந்தைகளும் அமெரிக்கக் குழந்தைகளும் ஏறக்குறைய சமம். பத்தைத் தாண்டியதும் சீனக் குழந்தைகள் முந்திவிடுகிறார்கள் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே பத்துக் குச்சியை எண்ணி ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஒரு கட்டும் மூன்று குச்சியும் பதிமூன்று. இரண்டு கட்டு இருபது. (தொண்ணூறு மட்டும் கொஞ்சம் குறும்பு செய்யும். அது பள்ளிக்கூடத்துக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம்.)

துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர்கள் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டார்கள். நாலு கோடு நிமிர்ந்து நிற்கும். ஐந்தாவது குறுக்கே விழும். கன்டெய்னர் பெட்டிகள் வருவதற்கு முந்தைய காலம் அது. வீட்டில் அப்படி எண்ணிய தாத்தா இருந்தால், பேரப்பிள்ளையோடு அட்டையில் குச்சி ஒட்டி அந்தக் கோட்டைச் செய்து காட்டலாம். அதே துறைமுகத்தில் 1912-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி, 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு கணக்குக் குமாஸ்தா சேர்ந்தார். அவர் பெயர் ராமானுஜன். இரண்டு வருஷம் கழித்து, 1914 மார்ச்சில், அந்தத் துறைமுகத்திலிருந்தே கப்பல் ஏறி கேம்பிரிட்ஜுக்குப் போனார்.

கூறும் கோலமும்

மார்க்கெட்டில் மீனைக் கூறு போட்டு வைத்திருப்பார்கள். களிமண் மீன் பன்னிரண்டு செய்துகொண்டு, "மூணு கூறு போடு, எல்லாக் கூறும் சமமா இருக்கணும்" என்றால் அது வகுத்தல். பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரிய வேண்டியதில்லை. வாசலில் கோலப் புள்ளி வைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசைக்கு மூன்று புள்ளி வைக்கச் சொல்லலாம்.

ஒரு சங்கடம் உண்டு. அளந்து போடும்போது 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவது வியாபாரிகளின் வழக்கம். கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினால் சிரிக்கலாமே தவிர திட்டக் கூடாது!

கவனிக்க வேண்டியவையும் உண்டு. மூன்று வயது நிரம்பாத குழந்தை இருக்கிற வீட்டில் புளியங்கொட்டை, பாசிமணி, சிறு சோழி இவற்றை எடுக்கவே கூடாது. வாயில் போட்டு விழுங்கிவிடும், மூக்கில் திணித்துக்கொள்ளும். பெரிய பிள்ளை விளையாடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடிவைக்க வேண்டும். அந்த எண்ணிக்கையையும் பிள்ளையே செய்யட்டும். கிளிஞ்சலை வெந்நீரில் கழுவி, கூரான விளிம்பு உள்ளதை எடுத்துவிட வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பரவியது பலருக்கும் நினைவிருக்கும். அங்கே கரையில் கிடப்பதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல், சுத்தமான கிளிஞ்சலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இன்னொன்று. ஆறு கிளிஞ்சலை இரண்டு வரிசையாக வையுங்கள். பிள்ளை இரண்டும் சமம் என்று சொல்லும். ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்புங்கள். "இதுதான் நிறைய" என்று பரப்பியதைக் காட்டும். பயப்பட வேண்டாம். சுவிட்சர்லாந்து தேசத்து அறிஞர் பியாஜே இதை வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்து எழுதிவிட்டார். ஆறு, ஏழு வயதில் தானாகவே சரியாகிவிடும். அதற்காக நாலு வயதில் அடிக்க வேண்டியதில்லை.

ராயபுரத்துப் பையனின் கதை என்ன ஆயிற்று? கட்டுமரம் கட்ட ஆரம்பித்துச் சில வாரம் ஆன வீட்டில், ஆயா மறுபடியும் மடியை விரிக்கிறாள்.

"அஞ்சு கிளிஞ்சல் குடு, கண்ணு."

இந்தத் தடவை அவன் அள்ளவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைக்கிறான். நாலு வைத்ததும் நிறுத்துகிறான். ஆயா ஒன்றும் பேசவில்லை. அம்மா வாயைத் திறக்கப் போகிறாள்; ஆயா கண்ணால் ஜாடை காட்டி நிறுத்துகிறாள்.

பையன் மடியைப் பார்க்கிறான். விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிறான். பிறகு முறத்துக்குப் போய் இன்னும் ஒன்றே ஒன்று எடுத்து வருகிறான்.